சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

பென்சில் போட்டு வைக்க ஒரு டம்ளர் வேண்டும் என்று போன வாரம் தம்பி சமையல் அலமாரியைத் துழாவினான். மேல்தட்டின் மூலையில் கிடந்த எவர்சில்வர் டம்ளர் அவன் கையில் அகப்பட்டது. அதன் இடுப்பில் நான் கட்டிய சிவப்பு நூல் இன்னும் அப்படியே இருந்தது. பாப்பா ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். "டேய், அது அப்பாவோட சாமி டம்ளருடா, அத எடுக்கக் கூடாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமா, நீ எந்த சாமிக்குப்பா வேண்டிக்கினே?" என்று கேட்டாள்.

உங்கள் அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் கீழே விழாத கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அப்புறம் சொல்கிறேன் என்றேன். எனக்கு வாயால் கோவையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். தம்பிக்கு விளங்காத இடத்தைப் பாப்பா சொல்லிக் கொடு.

அதற்கு முன்னால் நாம் எப்படிச் சாப்பிடுவோம் என்று உங்களுக்கே தெரியும். நான் தையல் கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் நீங்கள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். இருந்தாலும் நான் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்வீர்கள். கடைசிக் கவளம் அப்பாவின் கையால் என்பது நம் வீட்டு வழக்கம். யார் ஆரம்பித்தது என்று நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் தனித்தனித் தட்டே கிடையாது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து, முள் எடுத்து, நான்கு பேருக்கும் நானே கையில் வைப்பேன். பாப்பா பெரியவளாகி ஏழாவது போன பிறகும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருஷம் நம் கடைவீதிக்காரர்கள் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம் வைத்தார்கள். வீதியில் ஒரு கடை பாக்கி இல்லாமல் எல்லோரும் போனோம். நானும் கொடுத்தேன். ஜூஸ் கொடுத்தார்கள், பிஸ்கெட் கொடுத்தார்கள். உங்களுக்குத்தான் அந்த பிஸ்கெட்டைக் கொண்டு வந்தேன். கொஞ்ச நாள் கழித்து விழுப்புரத்தில் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போங்கள் என்றார் ஒரு அம்மா. எதற்கு என்று கேட்டேன். நேரில் சொல்கிறோம் என்றார். எனக்குத் தந்த அட்டையில் பேர் தப்பாக விழுந்திருக்கும், அதைத் திருத்தக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்கள். என் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது, ஹெபடைட்டிஸ் பி என்று பேர், வயிறும் ஈரலும் பார்க்கிற டாக்டரிடம் காட்ட வேண்டும், அந்த ஓ.பி. வாரத்தில் ஒரு நாள்தான். அந்த அம்மா இன்னும் ஏதோ விளக்க வாயெடுத்தார். அதற்குள் அவசரமாக ரத்தம் வேண்டும் என்று வெளியே ஆட்கள் வந்து நின்றார்கள். டாக்டரிடம் போங்கள், எல்லாம் தெளிவாகச் சொல்வார்கள் என்று அனுப்பிவிட்டார். 'பி' என்ற எழுத்து என் காதில் விழவே இல்லை. மஞ்சள் காமாலை என்ற இரண்டு வார்த்தையோடு திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

மஞ்சள் காமாலை என்றால் நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் வரும், எச்சிலில் ஒட்டும், தட்டு டம்ளர் தனியாக வைக்க வேண்டும், உப்பும் எண்ணெயும் ஆகாது, கீழாநெல்லி அரைத்துக் குடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு வந்தபோது அப்படித்தான் செய்தார்கள், எதிர் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் செய்தார்கள். பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நான் வீட்டில் என்னவெல்லாம் பிரித்து வைக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். எனக்கு என்ன ஆகும் என்ற பயம் அப்போது பெரிதாக இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேனோ என்பதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. எத்தனை கவளம் கையால் ஊட்டியிருப்பேன்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. வந்ததும் சொல்லிவிட்டேன். பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். "கண்ணு வெள்ளையாத்தான கீது" என்றாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கொண்டு வந்து வைத்தாள்.

எது என்னுடையது என்று தெரிய வேண்டுமே. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க வைத்திருந்த சிவப்பு நூலை எடுத்து டம்ளரைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். தட்டில் நூல் கட்ட இடம் ஏது? பாப்பாவின் நகப்பாலீஷை எடுத்து விளிம்பில் ஒரு பொட்டு வைத்தேன். பாலீஷ் எப்படிக் குறைந்தது என்று தம்பியோடு ஒரு நாள் பூரா சண்டை போட்டாயே பாப்பா, அது இதுதான். பாயும் தனி, துண்டும் தனி, சோப்பும் தனி. அம்மா எனக்கு மட்டும் உப்பில்லாமல் சோறும் மோரும் தனியாக எடுத்து வைத்தாள்.

நீங்கள் சும்மா இருப்பீர்களா? ஏன் அப்பாவுக்குத் தனித் தட்டு, ஏன் கிட்டே வரக்கூடாது என்று கேட்டுக் குடைந்தீர்கள். எனக்குப் பொய் வாயில் வரவில்லை. அம்மாதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அப்பா ஒரு வேண்டுதல் எடுத்திருக்கிறார், அது முடிகிற வரைக்கும் தொடக்கூடாது என்று சொன்னாள். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. மாலை போட்ட வீடுகளில் இதெல்லாம் நடப்பதைப் பார்த்தவர்கள்தானே நீங்கள். தனித் தட்டு, தனிப் பாய், உப்பில்லாச் சாப்பாடு எல்லாம் விரதத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது.

தம்பி அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, அது வீதிக்கு வந்து, என் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் காதுக்கும் போய்விட்டது. மறுநாள் அவர், "சாமிக்கு சக்கர கம்மியா ஒரு டீ" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். என் கழுத்தை உற்றுப் பார்த்தார். "சாமி, மாலையவே காணோமே. எந்தக் கோயிலுக்கு? பஸ்ஸு வச்சிப் போறதா இருந்தா எனக்கும் ஒரு சீட்டு போட்டு வைங்க" என்றார். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைத் தொட்டுக்கொண்டு, இன்னும் முடிவாகவில்லை என்றேன். அதிலிருந்து வீதி பூரா எனக்கு சாமி என்று பேராகிவிட்டது. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட, வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா சாமி என்று கேட்டார்கள்.

பெரியப்பாவுக்கு மட்டும் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அனந்தபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். முன்னால் உங்களுக்கு உரித்துத் தின்ன மல்லாட்டை மூட்டை, பின்னால் ஒரு கட்டு கீழாநெல்லி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசியாகக் குத்துவார்கள், இதை வெறும் வயிற்றில் அரைத்துக் குடி, ஜல்தியாக இறங்கிவிடும் என்றார். எதில் என்ன இறங்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பாசத்தில்தான் கொண்டு வந்தார். இரண்டு நாள் குடித்தேன். வாயெல்லாம் கசந்ததுதான் மிச்சம்.

அந்த நாட்களில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். ஒரு சாயங்காலம் பாப்பா வீட்டு மெஷின் டிராயரிலிருந்து அரை பிளேடை எடுத்துப் பென்சில் சீவினாள். தையல் பிரிக்க நான் பிளேடை இரண்டாக உடைத்து வைத்திருப்பேனே, அது. விரலில் நன்றாக வெட்டிவிட்டது. அவள் அழுதுகொண்டு என்னிடம்தான் ஓடி வந்தாள். நான் தொடக்கூடாதே என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா துணியைக் கிழித்துக் கட்டினாள். நான் கீழே கிடந்த பிளேடைத் துடைத்து, யார் காலிலும் குத்திவிடக் கூடாது என்று பத்திரமாக மறுபடி டிராயரிலேயே போட்டேன். எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓ.பி. நாள் வந்தது. அம்மாவும் கூட வந்தாள். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் அந்த வரிசையில் உட்கார்ந்தபோதுதான் வயிற்றுக்கும் ஈரலுக்கும் இத்தனை வகை நோய் இருக்கிறது என்று பார்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாக ஒரு கல்லூரிப் பையன் இருந்தான். பித்தப்பையில் கல் என்று ஒரு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் மரக்காணம் பக்கத்து மீனவர் ஒருவர், அவர் மனைவியோடு. கை காலெல்லாம் குச்சியாக இருந்தது, வயிறு மட்டும் ஊதி, சட்டைப் பித்தான் இரண்டு பூட்டாமல் இருந்தது. குடியால் ஈரல் சுருங்கிப்போய் வயிற்றில் தண்ணீர் கட்டியிருக்கிறது என்று அவரே சொன்னார். மறைக்கவில்லை. குடியை விட்டுவிட்டேன், ஆனால் உப்பை விடச் சொல்கிறார்கள், அதுதான் முடியவில்லை என்றார்.

நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனுக்கு வயிறே இல்லியேப்பா. நீ எதுக்கு உப்ப வுட்ட?" என்றார். அவர் மனைவி குறுக்கே புகுந்தார். "இந்த ஆளு கருவாட்ட மோந்து பாத்துக்கினே கஞ்சி குடிக்கிறாரும்மா" என்று உங்கள் அம்மாவிடம் சொல்ல, அம்மாவுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண்தான். வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், குடிப்பழக்கம் உண்டா, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். கீழாநெல்லியைச் சொன்னேன். கோபப்படவில்லை. ஈரல் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பச்சிலையும் மாத்திரையும் வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார். இன்னும் சில ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், எல்லாம் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் கடைசி ரூமில் சிஸ்டர் பேசுவார், கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

கடைசி ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். மீனவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சுவரில் பெரிய ஈரல் படம். மேஜையில் தமிழில் அச்சடித்த சின்னச் சின்னப் புத்தகங்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிறம். எது யாருடையதோ அதைக் கையில் கொடுத்து, புரியாததை எழுந்து கேட்கலாம் என்றார் ஆலோசனை சொல்லும் சிஸ்டர். என் முறை வந்தது. வீட்டில் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று ஒப்பித்தேன். தட்டு தனி, டம்ளர் தனி, நூல் கட்டியிருக்கிறேன், பாய் தனி, துண்டு தனி, பிள்ளைகளைக் கிட்டே சேர்ப்பதில்லை. நல்ல மார்க் கிடைக்கும் என்று நினைத்தேன்.

"உக்காருங்கண்ணா" என்றார். "தட்டுல இது வராது. எச்சில் டம்ளர்ல வராது. கட்டிப் புடிச்சா, பக்கத்துல படுத்தா வராது. தண்ணில வர்ற காமாலை வேற, இது வேற. இது ரத்தத்துல வர்றது." அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார். "நீங்க இன்னா தொழில் பண்றீங்க?"

தையல் என்றேன்.

"அப்ப கையில ஊசி குத்தும், பிளேடு கிழிக்கும்?"

அது இல்லாத நாள் ஏது என்றேன்.

"அந்த பிளேட வீட்ல வேற யார் யார் தொடுவாங்க?"

உங்கள் அம்மா சொன்னாள். பால் பாக்கெட் வெட்ட அதுதான், நான்கு பேருக்கும் நகம் வெட்ட அதுதான், பிள்ளைகள் பென்சில் சீவ அதுதான் என்றாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் குரல் இறங்கிப்போனது. பாப்பாவின் விரல் ஞாபகம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. தட்டையும் டம்ளரையும் பாயையும் காவல் காத்தேன். டிராயரை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

சிஸ்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பயப்படாதீர்கள் என்று வெறுமனே சொல்லவில்லை. பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள், பிறந்தபோது ஊசி போட்டார்களா என்று கேட்டார். இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது, பிறந்த உடனே ஒன்று, அப்புறம் தவணை தவணையாக, குழந்தைகளுக்கு அரசாங்கமே போடுகிறது என்றார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பிரசவத்துக்கும் அவள் கண்டாச்சிபுரத்தில் அவள் அம்மா வீட்டில்தான் இருந்தாள். கிராமத்து நர்ஸ் எந்த நாளைக்கு வரச் சொன்னாரோ அந்த நாளைக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். "ஒரு ஊசி வுடலைங்க. மழையில கூட முந்தானைய போத்திக்கினு தூக்கிக்கினு போனேன். ஜுரம் வந்தா ரெண்டு நாளு தூங்க மாட்டேன், ஆனா போட்டுக்கினுதான் வருவேன்" என்றாள். மீனவர் மனைவி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அப்படியானால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்த்துவிடுவோம், அம்மாவுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் சிஸ்டர். அந்த 'பெரும்பாலும்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வந்ததும் முதல் வேலையாக டிராயரைக் கவிழ்த்தேன். அரை பிளேடு, கால் பிளேடு, முனை ஒடிந்த ஊசி எல்லாவற்றையும் பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடி, டேப் சுற்றி, ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி அடுத்த தடவை எடுத்துப் போய் அவர்களிடமே கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை உங்களை விழுப்புரம் கூட்டிக்கொண்டு போனோம். அது உங்களுக்குப் பரோட்டா சாப்பிட்ட நாளாகத்தான் ஞாபகம் இருக்கும். ரத்தம் எடுக்கும்போது தம்பி கண்ணை மூடிக்கொண்டு, சாமிக்குப் போறவங்க வீட்ல எல்லாருக்கும் ஊசி போடுவாங்களா என்று கேட்டான். ரத்தம் எடுத்த பெண் சிரித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அம்மாவுக்கும் எடுத்தார்கள்.

ரிசல்ட் வரும் வரைக்கும் நான் கடையில் என்ன தைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பிளவுஸுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டி வைத்துவிட்டேன். துணி கொடுத்த அம்மா போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "சாமி, உங்க வேண்டுதல் ஒத்தக் கை அம்மனுக்கா?" என்றார். வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். வீட்டில் சாப்பிடும்போது உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பேன். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. என் கண்ணும் அப்படித்தானே இருந்தது, அதை நம்பி என்ன பிரயோஜனம் என்று தோன்றும். தட்டில் வராது என்று சிஸ்டர் சொல்லியும், நூல் கட்டிய டம்ளரை விட எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் ஒன்றாக முடியட்டும் என்று வைத்திருந்தேன். உப்பைக்கூட அதுவரைக்கும் போட்டுக்கொள்ளவில்லை.

ரிசல்ட் வாங்கப் போன அன்று வரிசையில் எங்களுக்கு முன்னாலேயே அந்த மீனவர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுத்திருக்கிறார்கள், வயிறு நன்றாக இறங்கியிருந்தது. சட்டைப் பித்தான் எல்லாம் பூட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும், பிள்ளைகள் ரிசல்ட் வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். எழுந்து தன் இடத்தை எங்களுக்குக் கொடுத்து, முன்னால் போகச் சொன்னார். அந்த வரிசையில் இடம் விடுவது சின்ன விஷயம் இல்லை. மரக்காணத்திலிருந்து விடியும்போது கிளம்பினால்தான் அந்த இடம் கிடைக்கும்.

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். சிஸ்டரும் அங்கே வந்து நின்றார். சிஸ்டர்தான் முதலில் சொன்னார்.

"பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இல்லண்ணா. அண்ணிக்கும் இல்ல. பிள்ளைங்களுக்குப் போட்ட ஊசி நல்லா வேல செஞ்சிருக்கு."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, மழையில போனது வீண் போவல" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் அந்த ரூமிலேயே அழுதுவிடுவேன் போல இருந்தது.

அப்புறம்தான் டாக்டர் என் விஷயத்துக்கு வந்தார். எனக்கு அது காதில் விழுந்ததே பாதிதான், அம்மாதான் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கிருமி உடம்பில் இருக்கிறது, ஆனால் இப்போதைக்குத் தூங்குகிறது. ஈரல் இறுகவில்லை. இன்றைக்கு மாத்திரை தேவையில்லை, தேவைப்பட்டால் இங்கேயே கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்டிப்பாக வந்து பார்க்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நின்றுவிடக் கூடாது. குடிக்கக் கூடாது. பச்சிலை கூடாது. ரத்ததானம் இனிமேல் கூடாது. அம்மா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள். உங்களுக்குப் போடும்போது அழாதவள் தனக்குப் போடும்போது முகத்தைச் சுளித்தாள்.

எனக்கு இது எங்கிருந்து வந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். பிறக்கும்போதே வந்திருக்கலாம், சின்ன வயதில் சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியில் வந்திருக்கலாம், யாரோ மழித்த பிளேடில் வந்திருக்கலாம், அதைத் தேடிக்கொண்டு போவதில் பலன் இல்லை, உங்கள் அண்ணனையும் ஒரு தடவை பரிசோதனை செய்யச் சொல்லுங்கள் என்றார். தேட வேண்டாம் என்று அவர் சொன்னதே எனக்குப் பாதி மருந்து. யார் மேலும் கை நீட்ட வேண்டியதில்லை. பெரியப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஒரு மாதம் ஆனது. அவருக்கு இல்லை. அதற்குக் கீழாநெல்லிதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வெளியே வந்ததும் மீனவர் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "அப்ப இனிமே நீ உப்பு போட்டுக்கலாம். என் பங்கையும் சேத்துப் போட்டுக்க" என்றார்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு மார்க்கெட்டில் மீன் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அம்மா குழம்பு வைத்தாள். நான் பெரிய தாம்பாளத்தை எடுத்துத் துடைத்துக் கீழே வைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் தூரத்திலேயே நின்றீர்கள். விரதம் முடிந்துவிட்டதா என்று பாப்பா கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். சாமியைப் போய்ப் பார்க்கவே இல்லையே என்றாள். பார்த்துவிட்டுத்தான் வந்தோம் என்று அம்மா சொன்னாள்.

முள் எடுத்து முதல் கவளத்தைத் தம்பி கையில் வைத்தேன். அவன் வாயில் போட்டு மென்றுவிட்டு, "இதுல உப்பு கீது" என்றான். எனக்கு விளங்கவில்லை. மீன் குழம்பில் உப்பு இல்லாமல் இருக்குமா என்று அம்மா கேட்டாள்.

"அப்பாவோட சாமி சோத்துல உப்பே இருக்காதும்மா. மோரு மட்டும்தான்" என்றான்.

பாப்பா அவன் தொடையைக் கிள்ளினாள். கிள்ளியதிலேயே தெரிந்துவிட்டது, இரண்டு பேரும் கூட்டு. நான் சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போதெல்லாம் என் தட்டில் மிச்சம் இருந்ததை நீங்கள் பங்கு போட்டுத் தின்றிருக்கிறீர்கள். பிரசாதம் என்று நினைத்து. டம்ளரில் மிஞ்சிய மோரைக்கூட விடவில்லை. விரதம் ஆரம்பித்த முதல் நாளிலிருந்து. நூல் கட்டி, பொட்டு வைத்து, பாயைத் தள்ளிப் போட்டு நான் காத்த காவல் இந்த லட்சணத்தில் இருந்திருக்கிறது.

முந்தின வாரம் இது தெரிந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அம்மா என் தலையில் தட்டினாள், அவளுக்கும் கண்ணில் தண்ணீர். நீங்கள் அடி விழும் என்று பயந்து நின்றீர்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அன்றைக்கு நாங்கள் சொல்லவில்லை. இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

டீக்கடைக்காரரிடமும் நானே பிறகு சொன்னேன். சாமி என்று கூப்பிடுவதை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. முழுவதையும் கேட்டார். வழக்கமான கண்ணாடி கிளாஸிலேயே டீயை ஊற்றி நீட்டினார். அடுத்த தடவை விழுப்புரம் போகும்போது தானும் வந்து ரத்தம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவரும் ரத்தம் கொடுத்தவர்தான், அவருக்கு போன் வரவில்லை, அதனால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன். இருந்தாலும் வர்றேன், சீட்டு ஒன்று பாக்கி இருக்கிறதே என்றார். சாமி என்று கூப்பிடுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.

நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விழுப்புரம் போவது இதற்காகத்தான். துணி எடுக்க இல்லை. போய் வரும்போதெல்லாம் கிருமி தூங்குகிறது என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். நாளைக்கு யாராவது உங்களிடம் உங்கள் அப்பாவுக்கு என்ன என்று கேட்டால் மறைக்க வேண்டாம். தட்டில் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, அந்த டம்ளரை நீ தாராளமாக எடுத்துக்கொள். பென்சில் போட்டுக்கொள், தண்ணீர் வேண்டுமானாலும் குடி. நூலை அவிழ்க்க வேண்டுமென்றால் அவிழ்த்துக்கொள், இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். பாப்பா, அவனை விடு. பென்சில் சீவுகிற ஷார்ப்னர் ஆளுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நகவெட்டியும் ஆளுக்கு ஒரு நிறத்தில் ஆணியில் தொங்குகிறது. மெஷின் மேல் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று இருக்கிறது பாருங்கள், என் அரை பிளேடும் ஊசியும் இருக்கிற டப்பா. அதை மட்டும் யாரும் தொடக் கூடாது. அது ஒன்றுதான் இந்த வீட்டில் அப்பாவுக்கு மட்டும்.